குறட்டை நடுவில் நின்றுபோகிறதா? ஓர் இரவுப் பரிசோதனையைப் பற்றி வாசகர் கேள்விகள்

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் 'ஸ்லீப் ஆப்னியா', அதைக் கண்டறிய இரவு முழுக்கத் தங்கிச் செய்யும் 'ஸ்லீப் ஸ்டடி' இரண்டையும் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்குத் தூக்க மருத்துவரும் பரிசோதனைக்கூட டெக்னீஷியனும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

டாக்டர், என் வீட்டுக்காரருக்கு வயது 46. படுத்த பத்தாவது நிமிஷம் குறட்டை ஆரம்பித்துவிடும். சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்கிறேன். திடீரென்று சத்தமே இல்லாமல் போகும்போதுதான் பகீரென்கிறது. தொட்டு எழுப்பலாமா என்று நான் யோசிப்பதற்குள் பெரிதாக இழுத்து மூச்சு விடுவார். நுரையீரல் டாக்டர் ஒரு ராத்திரி தங்கி ஸ்லீப் ஸ்டடி செய்யச் சொல்கிறார். 'தூங்குறதுக்குமா ஆஸ்பத்திரி?' என்று இவர் வர மறுக்கிறார். அங்கே என்னதான் செய்வார்கள்?
— கும்பகோணம் வாசகி

அம்மா, நீங்கள் பயப்படுகிற அந்த மௌனம்தான் எங்களுக்கும் முக்கியம். குறட்டை விடுகிற எல்லாருக்கும் ஆப்னியா இருக்காது. குறட்டை நடுவில் அறுந்து, சில விநாடி கழித்துத் திணறலோடு திரும்புகிறது என்றால் சந்தேகம் வலுக்கிறது. இன்று இரவே போனில் இரண்டு மூன்று நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். நெஞ்சும் வயிறும் தெரிய வேண்டும், சத்தமும் பதிவாக வேண்டும். டாக்டரிடம் காட்டும் முன் அவரிடமே காட்டுங்கள். 'நான் நல்லாத்தான் தூங்குறேன்' என்று சொல்பவர்களில் பலர் தங்களைத் தாங்களே பார்த்த பிறகுதான் புறப்படுகிறார்கள்.

பரிசோதனையில் ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது, ஷாக் எதுவும் கிடையாது. வயர்கள் உடம்பிலிருந்து வருகிற சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும், உடம்புக்குள் எதையும் அனுப்பாது. இரவு எட்டு, ஒன்பது மணிவாக்கில் வரச் சொல்வார்கள். கட்டில், விசிறி அல்லது ஏ.சி., ஒட்டினாற்போல் கழிவறை என்று சாதாரண அறைதான். கூரை ஓரத்தில் இருட்டிலும் படம் பிடிக்கும் கேமரா இருக்கும். டெக்னீஷியன் பக்கத்து அறையில் திரையைப் பார்த்தபடி இரவு முழுக்க விழித்திருப்பார்.

வயர் ஒட்டி முடிக்க 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். தலையை டேப்பால் அளந்து பென்சிலால் புள்ளி வைப்பார். அந்த இடங்களை மணல்மணலாக இருக்கும் ஒரு ஜெல்லால் லேசாகத் தேய்ப்பார். கெட்டியான பற்பசை மாதிரி ஒரு பேஸ்ட்டைக் குழிந்த சின்ன உலோகத் தட்டில் நிரப்பி, புள்ளிமேல் அழுத்தி, மேலே பஞ்சுத்துணியோ டேப்போ போடுவார். தலையில் வழக்கமாக ஆறு இடம்: முன்பக்கம் இரண்டு, நடுவில் இரண்டு, பின்பக்கம் இரண்டு. காதுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று. இடது கண்ணின் வெளி ஓரத்துக்குக் கீழே ஒன்று, வலது கண்ணின் வெளி ஓரத்துக்கு மேலே ஒன்று. மோவாயில் தசை இறுக்கத்தைப் பார்க்க, முழங்காலுக்குக் கீழே கால் உதறலைப் பார்க்க, நெஞ்சில் இதயத் துடிப்புக்கு என்று இன்னும் சில. கழுத்தில் குறட்டைக்கான சிறு மைக். நெஞ்சைச் சுற்றி ஒரு பெல்ட், வயிற்றைச் சுற்றி ஒரு பெல்ட். விரலில் ஆக்ஸிஜன் கிளிப்.

மூக்கில் மட்டும் இரண்டு கருவி வைப்பார்கள், அதற்குக் காரணம் உண்டு. ஒன்று மூக்குத் துளையில் நுழையும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய், கேனுலா என்பார்கள். காற்றின் அழுத்தத்தை அளப்பதால் மூச்சு கொஞ்சம் சுருங்கினாலும் காட்டிவிடும். ஆனால் வாயால் மூச்சு விட்டால் திரையில் அதன் கோடு தட்டையாகப் படுத்துவிடும், மூச்சே நின்றது போலத் தெரியும். அதனால் மூக்குக்கும் வாய்க்கும் நடுவே காற்றின் சூட்டை உணரும் இன்னொரு சென்சார். இரண்டிலும் கோடு படுத்தால்தான் மூச்சு உண்மையிலேயே நின்றது என்று எடுத்துக்கொள்வோம்.

விளக்கணைக்கும் முன் ஸ்பீக்கரில் குரல் வரும். கண்ணை மூடுங்கள், திறங்கள், தலையை அசைக்காமல் இடது வலது பாருங்கள், ஐந்து தடவை சிமிட்டுங்கள், பல்லைக் கடியுங்கள், குறட்டை விடுவது போல் சத்தம் கொடுங்கள், பத்து விநாடி மூச்சைப் பிடியுங்கள், கால் பாதத்தை மடக்குங்கள் என்று வரிசையாகச் சொல்வார்கள். எந்த அசைவு எந்தக் கோட்டில் எப்படி விழுகிறது என்று சரிபார்ப்பதற்காக இது.

அதற்குப் பிறகு தூங்கினால் போதும். கழிவறைக்குப் போக வேண்டுமானால் குரல் கொடுக்கலாம். எல்லா வயரும் கையளவு பெட்டி ஒன்றில் சேரும். அதைக் கழற்றிக் கையில் கொடுப்பார்கள், அப்படியே போய் வரலாம்.

திரையில் என்ன தெரியும் என்றால், ஓர் ஆப்னியா இப்படி இருக்கும். அலையலையாகப் போய்க்கொண்டிருந்த மூக்குக் கோடு சட்டென்று தட்டையாகிறது. பெல்ட் கோடுகள் நிற்கவில்லை. நெஞ்சு உள்ளே போகும்போது வயிறு வெளியே வருகிறது. தொண்டை மூடியிருக்கிறது, உதரவிதானம் காற்றை இழுக்கப் போராடுகிறது என்று அர்த்தம். பத்து விநாடி, இருபது, முப்பது. ஆக்ஸிஜன் 96 சதவீதத்திலேயே நிற்கிறது, ஏனென்றால் நுரையீரலில் நடப்பது ரத்தத்தோடு விரல் நுனிக்கு வந்துசேர நேரமாகிறது. திடீரென்று மூளை அலை வேகமெடுக்கிறது, மோவாய்த் தசை இறுகுகிறது, மைக் கோடு வெடிக்கிறது. நீங்கள் கேட்கும் அந்தப் பெரிய மூச்சு அதுதான். மூச்சு வந்துவிட்ட பிறகே ஆக்ஸிஜன் 92, 89, 86 என்று இறங்கி மறுபடி ஏறும். மூளை விழித்தது சில விநாடிதான், காலையில் அவருக்கு அது ஞாபகம் இருக்காது. ஆனால் இது ஓர் இரவில் நூறு, இருநூறு தடவை நடக்கிறவர்களும் உண்டு.

இன்னொன்றும் அவரிடம் கேளுங்கள். இரவில் எத்தனை தடவை சிறுநீர் கழிக்க எழுகிறார்? மூடிய தொண்டைக்கு எதிராக மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து இதயத்துக்கு ரத்தம் அதிகமாக வரும். உடம்பில் நீர் கூடிவிட்டது என்று இதயம் தவறாகக் கணக்குப் போட்டு, சிறுநீரைப் பெருக்கும் ஹார்மோனைச் சுரக்கும். சுகர் இல்லை, புராஸ்டேட் தொந்தரவு இல்லை, ஆனால் மூன்று தடவை எழுகிறார் என்றால் இதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மூன்று மாத்திரை போட்டும் பி.பி. இறங்காதவர்களுக்கும் இந்தச் சந்தேகம் வர வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை இரவு எனக்குப் பரிசோதனை. சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது வழக்கம். குளிக்கலாமா? என்னென்ன எடுத்துப் போக வேண்டும்? தாலிச் சங்கிலி, மூக்குத்தி எல்லாம் கழற்ற வேண்டுமா?
— திருநெல்வேலி வாசகி

அந்த வாரம் எண்ணெய்க் குளியலை விட்டுவிடுங்கள். பரிசோதனை கெட்டுப்போவதற்கு நம் ஊரில் ஒரு முக்கியக் காரணம் தலை எண்ணெய். மயிர்க்காலில் எண்ணெய் இருந்தால் பேஸ்ட் பிடிக்காது, பிடித்தது போல் இருந்து நடு இரவில் வழுக்கும். தொடர்பு தளர்ந்த வயர், மூளை அலையை விட்டுவிட்டுச் சுவரில் ஓடும் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைப் பிடித்துக்கொள்ளும், திரையில் கறுப்புப் பட்டையாகத் தெரியும். இரண்டு நாள் முன்பிருந்தே எண்ணெய் வேண்டாம். அன்று மாலை ஷாம்பு போட்டுக் குளித்து, கண்டிஷனர் போடாமல், நன்றாகக் காயவைத்துப் போங்கள். ஈரத் தலையும் ஆகாது. பூவும் வேண்டாம், இறுகப் பின்னிய சடையும் வேண்டாம். முகத்தில் க்ரீம், பவுடர், மஞ்சள் எதுவும் இல்லாமல் இருக்கட்டும்.

எம்.ஆர்.ஐ. போல இதில் காந்தம் இல்லை, அதனால் உலோகம் தடையில்லை. தாலியைக் கழற்றத் தேவையில்லை. நெஞ்சில் ஒட்டும் வயர்மேல் உரசாமல் ஓரமாக நகர்த்தி வைத்தால் போதும். மூக்குத்தியும் இருக்கலாம், ஆனால் பெரிய கல்லாக இருந்து கேனுலாவை இடித்தால் அன்று ஒரு நாள் எடுத்துவிடுங்கள். நகப்பூச்சைக் குறைந்தது இரண்டு விரலில் சுத்தமாக அழித்துவிடுங்கள். ஆக்ஸிஜன் கிளிப் ஒளியை விரலுக்குள் பாய்ச்சித்தான் அளக்கிறது. விரல் நுனியில் அடர்ந்த மருதாணி இருந்தாலும் அளவு தடுமாறலாம், மருதாணி படாத விரலைக் காட்டுங்கள். தாடி வைத்திருக்கும் ஆண்கள் மழிக்க வேண்டியதில்லை, மோவாயில் மட்டும் ஒட்ட வெட்டிக்கொண்டால் நல்லது.

உடை இரண்டு துண்டாக, தளர்வாக, பருத்தியில் இருக்கட்டும். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையும் பைஜாமாவும் வசதி. நைட்டியில் கால் வயரும் வயிற்று பெல்ட்டும் இழுபடும். உங்கள் தலையணை இல்லாமல் தூக்கம் வராது என்றால் அதையும் கொண்டு போங்கள்.

மதியத்துக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். பகல் தூக்கமும் வேண்டாம். பி.பி., சுகர், தைராய்டு மாத்திரைகளை வழக்கம்போல் அதே நேரத்துக்குப் போடுங்கள். எல்லா மருந்துச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். தூக்க மாத்திரை தினமும் போடுபவர்கள் தாமாக நிறுத்தாமல், டாக்டரிடம் கேட்டு அவர் சொன்னபடி செய்ய வேண்டும். மது அருந்துகிறவர்களும் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மது நாக்கின் அடித்தசையைத் தளர்த்தி ஆப்னியாவைக் கூட்டிக் காட்டும். தினமும் குடிப்பவர் திடீரென்று அன்று மட்டும் நிறுத்தினால் தூக்கமே மாறிவிடும்.

சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தால் தொலைபேசியில் சொல்லித் தேதியைத் தள்ளிப்போடுங்கள். பேஸ்ட் தண்ணீரில் கரைவது. காலையில் வெதுவெதுப்பான நீரில் அலசினால் போய்விடும்.

வேற்றிடத்தில் எனக்குத் தூக்கமே வராது. இத்தனை வயரையும் மாட்டிக்கொண்டு எப்படித் தூங்குவேன்? தூங்காவிட்டால் கட்டிய பணம் வீண்தானே?
— ஈரோடு வாசகர்

முதல் இரவு தூக்கம் குறைவது பலருக்கும் உள்ளது. அதற்கென்றே 'முதல் இரவு விளைவு' என்று எங்கள் துறையில் பெயர் உண்டு. எட்டு மணி நேரம் அசையாமல் தூங்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. 'ஐயோ, ஒரு பொட்டு தூங்கலை' என்று காலையில் வருத்தத்தோடு எழுந்து வருகிறவர்களின் பதிவில் நாலு, ஐந்து மணி நேரத் தூக்கம் இருப்பது சகஜம். லேசான தூக்கத்தை மனது தூக்கமாகக் கணக்கெடுப்பதில்லை.

ஆனால் ஒன்று கவனியுங்கள். கனவு வரும் 'ரெம்' தூக்கம் விடியலை நெருங்க நெருங்கத்தான் நீளும். அந்த நேரத்தில் உடல் தசைகள் மிகவும் தளர்ந்திருப்பதால் பலருக்கு மூச்சு நிற்பது அப்போதுதான் அதிகம். மூன்று மணிக்கே விழித்து 'போதும், கழற்றுங்கள்' என்று கிளம்பிவிட்டால் அந்தப் பகுதி பதிவாகாது. விழிப்பு வந்தாலும் பொறுமையாகப் படுத்திருங்கள். வயர் கழன்றால் டெக்னீஷியன் சத்தமில்லாமல் உள்ளே வந்து ஒட்டுவார், திடுக்கிட வேண்டாம். அறை வெக்கையாக இருந்தால் உடனே சொல்லுங்கள். தலை வியர்த்தால் மூளை அலைக் கோடு மெதுவாக ஊசலாடி, ஆழ்ந்த தூக்கம் போலப் பொய்த்தோற்றம் காட்டும்.

வழக்கமாக மல்லாந்து படுப்பவர் என்றால் வயருக்குப் பயந்து இரவெல்லாம் ஒருக்களித்தே கிடக்காதீர்கள். கொஞ்ச நேரமாவது மல்லாந்து தூங்குங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்பது ரிப்போர்ட்டைப் பற்றிய கேள்வியில் வரும்.

வீட்டிலேயே செய்யும் கருவி வந்திருக்கிறதாமே? ஆஸ்பத்திரியில் தங்குவதற்குப் பதில் அது போதாதா?
— சேலம் வாசகர்

சிலருக்குப் போதும், சிலருக்குப் போதாது. அறிகுறிகள் வலுவாக உள்ள, வேறு பெரிய நோய் இல்லாத நடுவயதுக்காரருக்கு வீட்டுக் கருவி நல்ல வழி. மூக்குக் கேனுலா, ஒன்றோ இரண்டோ பெல்ட், விரல் கிளிப், எந்தப் பக்கம் படுத்திருக்கிறீர்கள் என்று காட்டும் சென்சார், இவ்வளவுதான். இதய பலவீனம், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், பக்கவாதம் வந்தவர்கள், தசை நரம்பு நோயாளிகள், மார்ஃபின் வகை வலி மருந்து எடுப்பவர்கள் ஆய்வகத்துக்கே வர வேண்டும். இவர்களுக்குத் தொண்டை அடைக்காமலே, மூச்சு விடச் சொல்லி மூளை கட்டளை கொடுக்க மறக்கும் வகை ஆப்னியாவும் இருக்கலாம்.

வீட்டுக் கருவியின் பெரிய குறை, தலையில் வயர் இல்லை என்பது. நீங்கள் தூங்கினீர்களா, விழித்துக் கிடந்தீர்களா என்று அதற்குத் தெரியாது. ஒரு கணக்குப் பாருங்கள். ஓர் இரவில் மூச்சு 90 தடவை தடைப்பட்டது. கருவி ஓடியது ஏழரை மணி நேரம், உண்மையில் தூங்கியது ஐந்து மணி நேரம். ஆய்வகமாக இருந்தால் 90-ஐ ஐந்தால் வகுத்து மணிக்கு 18, அதாவது நடுத்தர ஆப்னியா என்று வரும். வீட்டுக் கருவி ஏழரையால் வகுத்து 12 என்று போட்டு, லேசானது என்று சொல்லிவிடும். ஆகவே வீட்டுக் கருவி 'இருக்கிறது' என்றால் நம்பலாம். அறிகுறி பலமாக இருந்தும் 'இல்லை' என்று சொன்னால் அதோடு விடாமல் ஆய்வகப் பரிசோதனை செய்ய வேண்டும்.

கருவி வாங்கி வந்ததும் மாலையிலேயே ஒருமுறை மாட்டிப் பழகுங்கள். பெல்ட்டுக்குள் இரண்டு விரல் நுழையும் இறுக்கம் போதும். தொளதொளவென்று இருந்தால் புரளும்போது இடுப்புக்கு இறங்கிவிடும். கேனுலாவை இரு கன்னத்திலும் டேப் போட்டு நிறுத்துங்கள். விரல் கிளிப்பின் வயரை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி டேப் போட்டால் கழலாது. விரல் சில்லிட்டிருந்தால் அளவு சரியாக வராது, கையைப் போர்வைக்குள் வையுங்கள். நல்ல பதிவு நான்கு மணி நேரமாவது இல்லையென்றால் மறுபடி செய்யத்தான் வேண்டும்.

என் ரிப்போர்ட்டில் 'ஏ.எச்.ஐ. 12, லேசான ஆப்னியா' என்று போட்டிருக்கிறது. லேசானது என்றால் விட்டுவிடலாமா? பகலில் உட்கார்ந்தால் கண் சொக்குகிறது.
— மதுரை வாசகர்

விட வேண்டாம். முதலில் அந்த 12 எப்படி வந்தது என்று பாருங்கள்.

மூச்சு பத்து விநாடியோ அதற்கு மேலோ ஏறத்தாழ முழுதாக நின்றால் அது ஆப்னியா. மூச்சின் அளவு 30 சதவீதமாவது சுருங்கி, அதோடு ஆக்ஸிஜன் இறங்கினாலோ மூளை விழித்தாலோ அது ஹைபாப்னியா. இரண்டையும் கூட்டி, தூங்கிய மணி நேரத்தால் வகுத்தால் ஏ.எச்.ஐ. பெரியவர்களுக்கு 5-க்குக் கீழே இயல்பு, 5 முதல் 15-க்குள் லேசானது, 15 முதல் 30-க்குள் நடுத்தரம், 30-ம் அதற்கு மேலும் தீவிரம். ஹைபாப்னியாவுக்கு ஆக்ஸிஜன் 3 சதவீதம் இறங்கினால் போதும் என்று சில கூடங்கள் எண்ணும், 4 சதவீதம் இறங்கினால்தான் என்று சில எண்ணும். ஒரே மனிதருக்கு ஒரே இரவுக்கு இரண்டு எண் வரக்கூடும். எந்த அளவுகோல் என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும், எழுதவில்லை என்றால் கேளுங்கள்.

இப்போது உங்கள் 12. உதாரணமாக, ஐந்து மணி நேரத் தூக்கத்தில் 60 தடை என்று வைத்துக்கொள்வோம். அதில் 45 தடை, மல்லாந்து படுத்த ஒன்றேகால் மணி நேரத்தில் வந்தது. மிச்சம் 15 தடை, ஒருக்களித்துப் படுத்த மூன்றே முக்கால் மணி நேரத்தில் வந்தது. அப்படியென்றால் மல்லாந்து படுத்தபோது மணிக்கு 36, தீவிரம். ஒருக்களித்தபோது மணிக்கு 4, இயல்பு. இரண்டையும் கலந்து சராசரி எடுத்ததால் 12 என்று சாதுவாகத் தெரிகிறது. வீட்டில் நீங்கள் இரவு முழுக்க மல்லாந்து தூங்குகிறவர் என்றால் உங்கள் உண்மை நிலை 36-க்குப் பக்கம். ஒருக்களித்தே தூங்குகிறவர் என்றால் 4-க்குப் பக்கம். சிகிச்சையும் அதற்கேற்ப மாறும். மல்லாந்தால் மட்டும் வருகிறவருக்கு, பனியனின் முதுகுப் பக்கம் பை தைத்து ஒரு டென்னிஸ் பந்தைப் போட்டுப் புரளவிடாமல் செய்வதே சிலருக்குப் பெரிய உதவி.

அதனால் முதல் பக்கத்தோடு நிற்காமல் உள்ளே புரட்டுங்கள். மல்லாந்த நிலையில் எவ்வளவு, ரெம் தூக்கத்தில் எவ்வளவு, மொத்தம் தூங்கியது எவ்வளவு, ஆக்ஸிஜன் 90-க்குக் கீழே இருந்த நிமிடங்கள் எத்தனை, தடைகள் தொண்டை அடைப்பாலா மூளையின் தாமதத்தாலா என்ற ஐந்தையும் டாக்டரிடம் கேளுங்கள். மல்லாந்து படுத்த ரெம் தூக்கம் அன்றைக்கு வரவே இல்லை என்றால், குறைந்த எண்ணை நம்பி நிம்மதியாக இருந்துவிட முடியாது. கண் சொக்குவதையும் எண்ணாக எழுதிக் காட்டலாம். எப்வொர்த் அளவுகோல் என்று எட்டுக் கேள்விகள் உண்டு. டி.வி. பார்க்கும்போது, பஸ்ஸில் பயணிக்கும்போது, சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும்போது தூங்கிவிடும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 24-க்கு 10-ஐத் தாண்டினால் அளவுக்கு மீறிய தூக்கக்கலக்கம். ஏ.எச்.ஐ. 12 என்றாலும் எப்வொர்த் 15 இருந்தால் அது சிகிச்சை வேண்டிய ஆப்னியாதான்.

கைக்கடிகாரம் இரவில் ஆக்ஸிஜன் 84 என்று காட்டியது. பயமாக இருக்கிறது.
— சென்னை வாசகி

ஒரு தடவை 84 காட்டினால், கை தலைக்கடியில் அழுந்தியிருக்கலாம், பட்டை தளர்ந்திருக்கலாம். வாரத்தில் பல இரவு, ஓர் இரவிலேயே பல தடவை இறங்கி ஏறுகிறது என்றால் அந்த வரைபடத்தை டாக்டரிடம் காட்டுங்கள். கடிகாரம் பரிசோதனைக்குப் போகச் சொல்லும் கருவி. நோய் இல்லை என்று சான்றிதழ் கொடுக்கும் தகுதி அதற்கு இல்லை.

எனக்கு 53 வயது, ஒல்லியான உடம்பு. குறட்டை பெரிதாக இல்லை. ஆனால் காலையில் தலைவலி, நாள் முழுக்க அசதி. 'மாதவிடாய் நின்றால் அப்படித்தான்' என்கிறார்கள். எனக்கு இந்தப் பரிசோதனை தேவையா?
— திருச்சி வாசகி

தேவைப்படலாம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு ஆப்னியா வரும் வாய்ப்பு கூடுகிறது. பெண்களிடம் அது பெருங்குறட்டையாகத் தெரியாமல் அசதி, காலைத் தலைவலி, அடிக்கடி விழிப்பு, மனச்சோர்வு என்று வருவதால் பல வருடம் கவனிக்கப்படாமல் போகிறது. ஒல்லியாக இருப்பதும் காப்பு ஆகாது. கீழ்த்தாடை சற்று உள்வாங்கி இருந்தாலே தொண்டை வழி குறுகும். முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு பாருங்கள். இரண்டும் சரி, அசதி தீரவில்லை என்றால் பரிசோதனை கேளுங்கள். உங்களைப் போன்றவர்களுக்கு மூளையின் சிறு விழிப்புகளே முக்கியம் என்பதால் வீட்டுக் கருவியைவிட ஆய்வகமே நல்லது.

என் மகனுக்கு 6 வயது. வாயைத் திறந்து தூங்குகிறான், தலையணை நனையும் அளவு வியர்க்கிறது, மறுபடி படுக்கையை நனைக்கத் தொடங்கியிருக்கிறான். டான்சில் பெரிதாக இருக்கிறதாம். குழந்தைக்கும் இந்தச் சோதனை உண்டா?
— கோவை வாசகி

உண்டு, ஆய்வகத்தில்தான் செய்ய வேண்டும். நீங்கள் பக்கத்திலேயே படுக்கலாம். கணக்கு பெரியவர்களுக்கு உள்ளது அல்ல. குழந்தைக்கு ஏ.எச்.ஐ. 1-ஐத் தாண்டினாலே இயல்பு இல்லை, 10-ஐத் தாண்டினால் தீவிரம். பெரியவர்களுக்கு விட்டுவிடக்கூடிய 4, குழந்தைக்கு விட்டுவிடக் கூடியதல்ல. ரிப்போர்ட்டைக் குழந்தைக்கான அளவில் பார்த்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்ஸைடையும் சேர்த்து அளப்பார்கள். டான்சில் பெரிதாக உள்ள எல்லாக் குழந்தைக்கும் அறுவை சிகிச்சைக்கு முன் இது கட்டாயம் இல்லை. உடல் பருமன், டவுன் சிண்ட்ரோம், முக எலும்பு அமைப்பில் கோளாறு, தசை நரம்பு நோய், இரண்டு வயதுக்குக் கீழே என்றால் அவசியம். மற்றவர்களுக்கு, டான்சில் அளவும் அறிகுறியும் ஒத்துப்போகவில்லை என்றால் செய்வார்கள். போகும் முன் வீட்டில் பொம்மைக்கு டேப் ஒட்டி விளையாட்டாகக் காட்டிவிடுங்கள், அங்கே பாதி அழுகை குறையும்.

பரிசோதனையின் நடு இரவில் எழுப்பி முகத்தில் மாஸ்க் மாட்டிவிட்டார்கள். என்னிடம் கேட்கவே இல்லை. அது ஏன்?
— நாகர்கோவில் வாசகர்

உங்களிடம் படுக்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது தவறு. மாஸ்க்கைப் பகலிலேயே முகத்தில் வைத்து அளவு பார்த்துப் பழக்கிவிட்டால் இரவில் திகைப்பு இருக்காது.

அதற்குப் பெயர் 'ஸ்பிளிட் நைட்', இரவை இரண்டாகப் பிரிப்பது. முதல் இரண்டு மணி நேரத் தூக்கத்திலேயே ஏ.எச்.ஐ. 40-க்குப் போய்விட்டால் நோய் உறுதி, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. மீதி இரவு மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் இருந்தால் சிபேப் கருவியை மாட்டி, எவ்வளவு அழுத்தம் தேவை என்று கண்டுபிடிப்பார்கள். சிபேப் ஆக்ஸிஜன் கொடுக்கும் கருவி அல்ல. அறைக் காற்றையே மெல்லிய அழுத்தத்தில் ஊதி, தொண்டை மூடிக்கொள்ளாமல் உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கிறது. 1981-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் குழுவினர் இதை வெளியிடும் வரை, தீவிர ஆப்னியாவுக்குக் கழுத்தில் துளை போடுவதுதான் பெரிய வழியாக இருந்தது.

அழுத்தத்தை 4 செ.மீ. நீர் அளவில் தொடங்கி, ஐந்து நிமிடத்துக்குக் குறையாத இடைவெளியில் ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள். முதலில் ஆப்னியா மறையும், பிறகு ஹைபாப்னியா, கடைசியில் குறட்டை. மல்லாந்து படுத்த ரெம் தூக்கத்திலும் மூச்சு சீராக இருந்தால் அந்த அளவே உங்களுக்கு உரியது. பாதி இரவுக்குள் அந்த நிலை வரவில்லை என்றால், அழுத்தம் பார்க்க மட்டும் இன்னோர் இரவு அழைப்பார்கள்.

நான் இரவு நேர லாரி ஓட்டுபவன். ஓட்டும்போது கண் அசந்துவிடுகிறது. பரிசோதனைக்குப் போனால் வேலை போய்விடுமோ என்று பயம்.
— நாமக்கல் வாசகர்

தம்பி, உங்கள் பயம் புரிகிறது. ஆனால் சக்கரத்தின் முன் கண் அசந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை நாள் கடத்த முடியாது. பரிசோதனைத் தேதி கிடைக்கும் வரை தனியாக இரவு லோடு எடுக்காதீர்கள். முதலாளியிடம் பகல் டிரிப் கேளுங்கள், அல்லது இன்னொரு டிரைவரோடு போங்கள். விடியற்காலை இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை நல்ல உடம்புக்கே கண் இழுக்கும் நேரம். டீயும் பாட்டும் முகத்தில் தண்ணீரும் அந்த அசதியை நிறுத்தாது. அசதி வந்தால் வண்டியை ஓரம் கட்டி இருபது நிமிடம் தூங்குவது மட்டுமே பலன் தரும். ஆப்னியா என்று உறுதியாகி, கருவியைத் தினமும் ஒழுங்காக மாட்டுகிறவர்கள் பழையபடி விழிப்போடு வேலை செய்கிறார்கள். எத்தனை மணி நேரம் மாட்டினீர்கள் என்பது கருவியிலேயே பதிவாகும், கேட்பவரிடம் அதைக் காட்டலாம். பரிசோதனை முடிந்த காலையில் பைக்கிலோ லாரியிலோ கிளம்பாமல் பஸ்ஸில் வீட்டுக்குப் போங்கள்.

அம்மாவுக்கு வயது 62. அடுத்த மாதம் முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை. மயக்க மருந்து டாக்டர் குறட்டை உண்டா என்று கேட்டு, கழுத்தை டேப்பால் அளந்தார். முட்டிக்கும் குறட்டைக்கும் என்ன சம்பந்தம்?
— புதுச்சேரி வாசகர்

மயக்க மருந்தும் அதன் பிறகு கொடுக்கும் வலி மருந்தும் தொண்டைத் தசையைத் தளர்த்தும், மூச்சு நின்றதும் விழிக்கச் செய்யும் மூளையின் எச்சரிக்கையையும் மந்தமாக்கும். ஆப்னியா இருப்பது தெரியாமல் வார்டில் படுக்கவைத்தால் இரவில் ஆபத்து. நல்ல டாக்டர், சரியாகத்தான் கேட்டிருக்கிறார்.

அவர் பார்த்தது 'ஸ்டாப் பேங்' என்ற எட்டுக் கேள்விகள். பலத்த குறட்டை, பகல் அசதி, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தது, ரத்த அழுத்தம், உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. 35-க்கு மேல், வயது 50-க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல், ஆண் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். 0 முதல் 2 வரை குறைந்த சந்தேகம், 3, 4 நடுத்தரம், 5-ம் மேலும் அதிகம். நம் மக்களுக்கு எடை குறைவாக இருக்கும்போதே ஆப்னியா வருவதால் பி.எம்.ஐ. 35 என்ற கேள்விக்கு 'இல்லை' என்று வந்தால் அதை வைத்துத் திருப்திப்பட வேண்டாம்.

அம்மாவுக்குக் குறட்டை, அசதி, பி.பி. மூன்றும் இருந்தால் வயதோடு சேர்த்து 4. தனி அறையில் படுப்பவர் என்றால் மூச்சு நிற்பதைப் பார்க்க ஆள் இல்லை, அந்தக் கேள்வி காலியாக இருக்கும். இரண்டு இரவு யாராவது அவர் பக்கத்தில் படுங்கள். மூச்சு நிற்கிறது என்று தெரிந்தால் எண் 5 ஆகிவிடும், உடனே ஸ்லீப் ஸ்டடிக்குத் தேதி வாங்குங்கள். முழங்கால் அறுவை சிகிச்சை அவசரமானதல்ல, இரண்டு வாரம் தள்ளினாலும் பாதகமில்லை. சிபேப் தேவை என்று வந்தால் அறுவை சிகிச்சைக்கு முன்பே வீட்டில் போட்டுப் பழகட்டும். அட்மிட் ஆகும் நாளில் கருவி, மாஸ்க், காற்றை ஈரப்படுத்தும் ஹியூமிடிஃபயருக்கு டிஸ்டில்டு வாட்டர், கூடவே ஒரு எக்ஸ்டென்ஷன் கார்டு எடுத்துப் போங்கள், வார்டில் பிளக் பாயின்ட் பெரும்பாலும் கட்டிலுக்கு எட்டாது.